படிக்கிறவளுக்கு ஒரு பிடி புளி

புத்தகத்தைத் தொடுவதற்கு முன் அவள் கை கழுவுவாள். பக்திக்காக என்று நினைத்துவிடாதீர்கள். புளி தட்டிய கை பிசுபிசுவென்று இருக்கும். தாளில் பட்டால் இரண்டு தாள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் ஒரு பக்கம் விட்டுப்போகும். அது நடக்கக் கூடாது என்றுதான் அந்தக் கழுவல். விரல் விரலாகத் தேய்த்து, நகக்கண்ணில் சிக்கிய நாரைக்கூட எடுத்துவிட்டு, முந்தானையில் துடைத்து, வெயிலில் கையை விரித்துக் காயவைத்துவிட்டுத்தான் உட்காருவாள். அதுவரைக்கும் நாங்கள் இருபது பேரும் வாயைத் திறக்காமல் அவள் கையையே பார்த்துக்கொண்டிருப்போம்.

ஒரு எழுத்தை விடமாட்டாள். ஒரு எழுத்தைச் சேர்க்கவும் மாட்டாள். அவளைப் பற்றி ஒரே ஒரு சங்கதி சொல் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்வதை எழுதிக்கொள்கிறவரிடமும் இதையேதான் கேட்டிருக்கிறேன். சேர்க்காதீர்கள், விடாதீர்கள்.

அமிர்திக்கு மேலே, பஸ் நின்றுவிடுகிற இடத்திலிருந்து ஜீப் பிடித்து ஏறிவர வேண்டிய ஊர் எங்களுடையது. சாமை விதைப்போம், கேழ்வரகு போடுவோம். மாசி பிறந்தால் புளி. அந்த ஜீப்பை ஓட்டியவர் கண்ணமங்கலத்துப் பக்கத்துக்காரர். எங்கள் ஊரிலேயே ஒரு வீடு பிடித்துக் குடும்பத்தோடு இருந்தார். அவர் சம்சாரம்தான் அவள். ஜீப்புக்காரர் வூட்டம்மா என்போம். பெயர் எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. மீதிப் பாதி மறந்துவிட்டது. நான் மறந்த பாதி.

மலைக்கு வருமுன் அவள் கண்ணமங்கலத்தில் ஒரு பழைய பேப்பர் கடையில் வேலை செய்தவள். நோட்டு வேறு, பேப்பர் வேறு, அட்டை வேறு என்று பிரித்துப் போடுகிற வேலை. பிரிக்கும்போது நல்ல புத்தகமாகக் கண்ணில் பட்டால் முதலாளியிடம் சொல்லி எடுத்துக்கொள்வாளாம். அப்படிச் சேர்ந்தது ஒரு தகரப் பெட்டி நிறைய. ஜீப்பிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கியபோது நான்தான் ஒரு பக்கம் பிடித்தேன். இரும்புச் சாமான் என்று நினைத்துவிட்டேன், அவ்வளவு கனம். அந்தப் புத்தகங்களில் பாதிக்கு மேலட்டை இருக்காது. சிலதற்கு முதல் தாள் இருக்காது. சிலதற்குக் கடைசித் தாளும் இருக்காது. இந்தக் கடைசித் தாள் சங்கதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டும்.

புளி வேலை எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மரத்தில் ஏறி உலுக்கி, எட்டாததைக் கழியால் தட்டி, பாறைமேல் காயப்போடுவோம். காய்ந்த பிறகு ஊரே அந்தப் பாறையில், பலாமரத்து நிழலில், உட்கார்ந்து ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையைத் தட்டி எடுக்க வேண்டும். காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை. கைக்கு வேலை உண்டு, மனசுக்கு ஒன்றும் இல்லை. மனசு சும்மா இருந்தால் வாய் சண்டை தேடும். அதனால், புளியை எடை போட்டுக் காசு கொடுக்கிற மேஸ்திரி ஒரு வருஷம் தன் செல்போனில் சினிமா போட்டு ஒரு கல்மேல் சாய்த்து வைத்தார். எல்லோரும் கண்ணை அதில் வைத்துவிட்டோம். அன்றைய புளியில் பாதி கொட்டையோடு போய்விட்டது. மேஸ்திரி போனைப் பிடுங்கிக்கொண்டு, "கண்ணு இங்க, காது எங்க வேணா போட்டும்" என்று கத்தினார்.

அவள் அப்போதுதான் ஊருக்கு வந்து ஒரு மாசம். கையில் இருந்த புளியைக் கீழே வைத்துவிட்டு, "காதுக்கு நான் படிக்கட்டுமாங்க?" என்று கேட்டாள்.

படிப்பது சரி, படிக்கிறவள் புளி தட்ட முடியாதே, அவள் எடைக்கு என்ன செய்வது என்று மேஸ்திரி கேட்டார். எங்கள் ஊரில் வாயாடி என்றால் சின்னப்பொண்ணுதான். அவள்தான் வழி சொன்னாள்.

"நம்ம வூட்ல நடவுக்குப் போறவ கொழந்தைய பாத்துக்கறவளுக்குக் கூலியில பங்கு தர்றோமே. அது மாதிரிதான் இதுவும். ஆளுக்கு ஒரு பிடி அவ கூடையில போடு."

அன்றிலிருந்து பாறை நடுவில் ஒரு காலிக் கூடை இருக்கும். ஒரு கதை முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து, கொட்டை எடுத்த புளியில் ஒரு பிடி அதில் போட்டுவிட்டு உட்காருவோம். கதை பிடித்திருந்தாலும் ஒரு பிடி, பிடிக்காவிட்டாலும் ஒரு பிடி. ஒரு முறை கதை மிகவும் நன்றாக இருந்ததென்று ஒருவர் இரண்டு பிடி போட்டார். ஒரு பிடியைத் திருப்பி அவர் குவியலிலேயே வைத்துவிட்டாள். "கதை நல்லா இருந்தா அது எழுதனவருக்குங்க. நான் படிச்சதுக்கு ஒரு பிடிதான்."

அவள் பெட்டியில் எல்லாம் கதைப் புத்தகம் இல்லை. ஒன்று, நீல நூலில் அவளே தைத்து வைத்திருந்தது. அதைத் தனியாகத் துணியில் சுற்றி வைத்திருப்பாள். அதில் என்ன கதை என்று கேட்டோம்.

"கதை இல்லீங்க. கதைய எப்படிப் படிக்கணும்னு சொல்ற புஸ்தகம்."

பாறையே சிரித்தது. சின்னப்பொண்ணு கையில் இருந்த புளியங்கொட்டையைத் தரையில் கொட்டிவிட்டாள். "இன்னாடி இது! சோறு எப்படித் துன்றதுன்னும் ஒரு புஸ்தகம் வெச்சிக்கிறியா?"

"அப்படி ஒன்னு கெடச்சா நல்லதுதாங்க்கா. நீங்க மென்னு துன்றதே இல்ல. முழுங்கறீங்க."

அதற்கும் சிரிப்பு. சின்னப்பொண்ணு தானும் சிரித்துவிட்டாள். ஆனால் எனக்கு அந்தப் பதில் நெஞ்சில் நின்றுவிட்டது. இந்த எழுபது வயசில் எத்தனையோ கூத்து பார்த்திருக்கிறேன், விடிய விடிய. எல்லாவற்றையும் முழுங்கித்தான் இருக்கிறேன்.

மறுநாள் அந்த நீல நூல் புத்தகத்திலிருந்தும் கொஞ்சம் படித்தாள். எனக்கு எல்லாம் விளங்கியது என்று பொய் சொல்ல மாட்டேன். விளங்கியதைச் சொல்கிறேன். கதையில் ஒருவன் பேசும்போது அவன் பேச்சை மட்டும் கேட்காதே, அந்த நேரத்தில் அவன் கை என்ன செய்கிறது என்று பார். அவசரமாகப் போகாதே. எழுதியவர் ஒரு இடத்தில் பேசாமல் நின்றுவிட்டால் நீயும் அங்கே நில். இப்படித்தான் அதில் இருந்தது என்று அவள் எங்களுக்குச் சொன்னாள். நான் அதை வெளியிலும் செய்துபார்த்தேன். மேஸ்திரி எடை போடும்போது அவர் பேச்சைக் கேட்காமல் கையைப் பார்த்தேன். அது வேறு கதை, இப்போது வேண்டாம்.

இந்தப் புத்தகம் சொன்னபடிதான் அவள் படித்தாள். அழுகிற இடத்தில் அழுகிற குரல் போடமாட்டாள். சிரிக்கிற இடத்தில் தான் முந்திச் சிரிக்க மாட்டாள். ஒரே குரல், சாமை புடைக்கிற மாதிரி ஒரே சீராக. அதிலேயே எங்களுக்கு எல்லாம் கேட்கும். கதை முடிந்து, "இதுக்கு இன்னா அர்த்தம்மா?" என்று கேட்டால், "தெரியலீங்க. உங்களுக்கு எந்த எடத்துல கை நின்னுச்சி?" என்று திருப்பிக் கேட்பாள். அப்போதுதான் நாங்கள் கவனிப்போம். ஆமாம், ஒரு இடத்தில் எல்லோரும் ஓடு உடைப்பதை நிறுத்திவிட்டிருப்போம். வேண்டுமென்றால் அந்த இடத்தை மறுபடி படிப்பாள்.

கடைசித் தாள் இல்லாத புத்தகத்தை ஒருநாள் படித்துவிட்டாள். ஒரு பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடக்கிறாள், தண்ணீர் இடுப்புக்கு வருகிறது, அத்தோடு தாள் கிழிந்துபோய்விட்டது. "அவ்ளோதாங்க" என்று மூடிவிட்டாள். சண்டையே வந்துவிட்டது.

"கரையேறிட்டான்னு ஒரு வார்த்த சொன்னா இன்னா கொறஞ்சிடுவ?" என்று மேஸ்திரியே கெஞ்சினார்.

"எனக்குத் தெரியாதுங்களே. தெரியாததை எப்படிங்க சேக்கறது?"

மூன்று நாள் அந்தப் பெண்ணைத் தண்ணீரிலேயே நிற்கவைத்துவிட்டாள் என்று சின்னப்பொண்ணு திட்டிக்கொண்டே இருந்தாள். அவள் வளைந்து கொடுக்கவில்லை. அந்தப் பிடிவாதம் சமயத்தில் எனக்கு எரிச்சலாகக்கூட இருந்திருக்கிறது.

இனி என் சங்கதி. இதைச் சொல்லாமல் அவளைச் சொல்ல முடியாது.

எனக்கு ஒரு தம்பி. என்னைவிட எட்டு வயசு சின்னவன். எங்கள் அப்பா எங்களுக்கு நிலத்தைப் பிரித்தார், ஆட்டைப் பிரித்தார். ஒரு புளியமரத்தை எப்படிப் பிரிப்பது? எங்கள் மலையில் மரத்தைக் கிளை கிளையாகப் பிரிப்பது வழக்கம். கிழக்குக் கிளைகள் எனக்கு, மேற்குக் கிளைகள் தம்பிக்கு. அடிமரம் யாருக்கும் இல்லை, இரண்டு பேருக்கும். இப்படிப் பல வருஷம் ஒரு குறையும் இல்லாமல் போனது.

ஒரு மாசியில் தம்பி சம்சாரத்துக்கு வயிற்றில் கட்டி என்று வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு மாசம் தங்கிவிட்டான். நான் என் கிளையை உலுக்கினேன். மேலே ஏறியவன் கீழே இறங்கியிருக்க வேண்டும். மேற்குப் பக்கமும் பழம் தொங்குவதைப் பார்த்தேன். உலுக்கிவிட்டேன். தம்பி வந்து கேட்டதற்கு, "கொரங்கு துன்னுடுச்சி" என்றேன். அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டான். மறுவருஷம் என் கிழக்குப் பக்கத்துப் பெரிய கிளை காய்ந்துபோனது. இடி விழுந்திருக்கும் என்று ஊர் சொன்னது. சாமி கொடுத்த தண்டனை என்று நான் வாயை மூடிக்கொண்டேன். இப்படியே பதினோரு வருஷம். ஒரே பாறையில் புளி தட்டுவோம். நான் இந்தாண்டக் கோடியில். அவன் அந்தாண்டக் கோடியில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

பங்குனி முதல் வாரம் என்று நினைக்கிறேன். அன்றைக்கு அவள் ஒரு சின்னக் கதை எடுத்தாள். மூன்று தாள்தான் இருக்கும். ஒரு வறண்ட ஊர். அண்ணன் தம்பி இரண்டு பேர். இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. ஒருநாள் காலையில் இரண்டு பேரும் குடத்தோடு வருகிறார்கள். கிணற்றுக் கயிறு அறுந்து கிடக்கிறது. தேய்ந்து அறுந்ததில்லை, கத்தி வைத்து அறுத்தது. அண்ணன் தம்பி முகத்தைப் பார்க்கவில்லை. தம்பி அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. வெறுங்குடத்தோடு திரும்பிப் போகிறார்கள். மறுநாள் விடிந்து பார்த்தால் கிணற்று மேட்டில் இரண்டு புதுக் கயிறு இருக்கிறது. ஒன்று அண்ணன் திரித்தது, ஒன்று தம்பி திரித்தது.

அவள் புத்தகத்தை மூடினாள்.

"யாரு அறுத்தது?" என்று மேஸ்திரி கேட்டார்.

"எழுதலீங்க."

"கடைசித் தாளு கிழிஞ்சிருக்கும்."

அவள் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள். எனக்குப் படிக்கத் தெரியாது, கண் தெரியும். தாள் முழுசாக இருந்தது. மேல் பாதியில் எழுத்து, கீழ்ப் பாதி வெள்ளை.

என் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. எழுந்து நின்றுவிட்டேன். "எழுதியிருக்கும்மா. அண்ணன்தான் அறுத்தான்னு எழுதியிருக்கும். நான் இங்க குந்திக்கினு இருக்கறதப் பாத்துட்டு அந்த வார்த்தைய முழுங்கிட்ட. ஊரே என்னப் பத்தி உன்கிட்ட சொல்லியிருக்குது. உன் பச்சாதாபம் எனக்கு வேணாம்!"

அவள் முகம் வெளுத்துப்போனது. சோறு தின்ன ஒரு புத்தகமா என்று கேட்டபோதும், ஆற்றில் நிற்கவைத்துவிட்டாள் என்று திட்டியபோதும் சிரித்தவள். இதற்குச் சிரிக்கவில்லை. எழுந்து வந்து நடுவில் இருந்த கூடையைக் கவிழ்த்து வைத்தாள். காலிக் கூடைதான். ஆனாலும் ஏதோ கொட்டிப்போன மாதிரி இருந்தது.

"நான் ஒரு வார்த்த வுட்டேன்னு நெனச்சா, இதுக்கு மேல நான் படிக்கறது சரி இல்லீங்க மாமா. வேற யாருனா படிங்க. இதே தாளு. அந்த வார்த்த இருந்தா வெளிய வரட்டும்."

எல்லோரும் என்மேல் பாய்ந்தார்கள். "உன் வாயாலதான் கெட்டுது. இனிமே இந்தப் பாறையில இன்னாத்தக் கேட்டுகினு குந்தறது?" என்று சின்னப்பொண்ணு கரித்துக் கொட்டினாள். வேறு யார் படிப்பது? பிள்ளைகள் எல்லாம் ஹாஸ்டலில். மேஸ்திரிக்கு நம்பர் மட்டும்தான் தெரியும். எங்கள் வயசுக்காரர்களில் அஞ்சாம் கிளாஸ்வரை போனவன் ஒருவன்தான். எல்லோரும் அந்தாண்டக் கோடியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

என் தம்பி முதுகைத் திருப்பாமலே சொன்னான். "அண்ணன்னு இருக்காது. தம்பின்னுதான் இருக்கும்."

பிறகு எழுந்தான். நேராக அவளிடம் போகவில்லை. தண்ணீர்ப் பானைக்குப் போய், அவள் கழுவுகிற மாதிரியே விரல் விரலாகக் கழுவி, துண்டில் துடைத்து, வெயிலில் காயவைத்துக்கொண்டு வந்து புத்தகத்தை வாங்கினான். நடுப்பாறையில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினான். எழுத்துக் கூட்டி, கூட்டி. ஒரு வரிக்கு ஒரு வெற்றிலை போடுகிற நேரம் ஆனது. ஒருவரும் புளி தட்டவில்லை. பதினோரு வருஷம் கழித்து என் தம்பி குரலை நான் கேட்கிறேன், அதுவும் "அண்ணன்" என்ற வார்த்தையோடு. அந்த வார்த்தை அந்தக் கதையில் எத்தனை முறை வருகிறது என்று அன்றுதான் தெரிந்தது. அவள் படித்தபோது அவ்வளவு முறை வந்த மாதிரி இல்லை.

கடைசி வரி வந்தது. இரண்டு புதுக் கயிறு. அவன் விரல் அங்கே நிற்கவில்லை. கீழே வெள்ளைத் தாளில் இறங்கித் தேடிக்கொண்டே போனது.

"இல்ல. யாருன்னு இல்ல" என்றான். கொஞ்ச நேரம் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான்தான்னு போட்டிருக்கும்னு நெனச்சேன்."

பிறகு புத்தகத்தைப் பார்த்தபடியே, என் பக்கம் திரும்பாமல் சொன்னான். "உன் கெழக்குக் கெள காஞ்சிச்சே. எடி வுழல. நான்தான் பட்டைய சுத்திச் சீவினேன்."

என் கையில் ஒரு புளியம்பழம் இருந்தது. நொறுக்கிவிட்டேன். கோபமா என்றால் இல்லை. இத்தனை வருஷம் சாமி சீவியது என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

"கொரங்கு துன்னல" என்றேன். "நான்தான் உலுக்கினேன்."

"அது எனக்குத் தெரியும்."

"தெரியும்னு எனக்கும் தெரியும்டா. வாயால சொல்லல இல்ல, அதான் சொல்றேன்."

சின்னப்பொண்ணுதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பதினோரு வருசமா கொரங்குக்கு இன்னா கெட்ட பேரு பாவம்" என்றாள். அப்புறம் பாறையில் எழுந்த சிரிப்பு கீழே கணியம்பாடிவரை கேட்டிருக்கும். தம்பியும் சிரித்தான். சிரிக்கும்போது என்னைப் பார்த்தான்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. உன்னைத் திருத்திவிட்டேன் பார் என்று ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. தம்பி கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, புளிக்கறை பட்டிருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ரெண்டாவது தாள்ல ஒரு வார்த்தைய வுட்டுட்டீங்க சின்ன மாமா. 'வெறுங்குடத்தோட மெதுவாப் போனாங்க'ன்னு இருக்குது. மெதுவாங்கறத வுட்டுட்டீங்க."

நான் எழுந்து போய்க் கூடையை நிமிர்த்தி வைத்தேன். என் குவியலில் இருந்து இரண்டு கையாலும் அள்ளிப் போட்டேன். அவள் பாதியை எடுத்து என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"ஒரு பிடிதாங்க மாமா."

இப்போது அந்தப் பாறையில் தம்பிதான் படிக்கிறான். நானும் அவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறோம். அவன் தெரியாத வார்த்தையைத் தாண்டிப் போகப் பார்த்தால், சின்னப்பொண்ணு புளியங்கொட்டையால் அடிக்கிறாள். "வுடாத! அந்தப் பொண்ணு வுட்டாளா?" என்கிறாள். அவன் திரும்பிப் போய்க் கூட்டிப் படிக்கிறான். மரத்தை இரண்டு பேரும் சேர்ந்து உலுக்குகிறோம். கிழக்கா மேற்கா என்று கீழே விழுந்த பழத்தை யார் கேட்பது?

அவள் போன நாளைச் சொல்லாமல் விட்டேன். அதுவும் விடக் கூடாது.

அந்தச் சித்திரையிலேயே அவள் புருஷன் ஜீப்பை விற்க விலை பேசிவிட்டு, கீழே ஏதோ கம்பெனிக்கு வண்டி ஓட்டக் கிளம்பினார். தகரப் பெட்டியை ஏற்ற நானும் தம்பியும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தோம். தம்பிக்கு மூன்று புத்தகம் கொடுத்தாள். நீல நூல் புத்தகத்தை மட்டும் மடியில் வைத்துக்கொண்டாள். ஜீப் கிளம்பும் நேரம். எனக்கு மனசு பொறுக்கவில்லை.

"கதைக்கு அர்த்தம் கேட்டா நீ சொல்ல மாட்ட. எனக்காக ஒன்னே ஒன்னு சொல்லு. உனக்கு எப்படித் தோணுது? அந்தக் கயிற யாரு அறுத்தது?"

புருஷன் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டு அந்தப் பக்கம் இருந்தார். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மொத மொத படிச்சப்ப, நான்தான் அறுத்தேன்னு தோணிச்சிங்க மாமா. கண்ணமங்கலத்துல எனக்கு ஒரு அக்கா இருக்குது."

"பேசறியா?"

"இல்லீங்க." மடியில் இருந்த புத்தகத்தின் நூலை விரலால் தடவினாள். அவள் பேச்சைக் கேட்காமல் கையைப் பார்த்தேன். அவள் சொல்லிக்கொடுத்ததுதான். "இப்பப் போய்ப் பாக்கலாம்னு இருக்கறேன்."

ஜீப் இறங்கியது. முதல் திருப்பம்வரை புழுதி தெரிந்தது.

அக்கா வீட்டுக்குப் போனாளா, அந்த அக்கா கதவைத் திறந்தாளா, எனக்குத் தெரியாது. தெரியாததை நான் சேர்க்க மாட்டேன்.